கொழுப்பின் கூறு கண்ட செவ்ரூல்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது சிறுவரும் அறிந்ததே. நம் உடலில் ஓடும் குருதியோ பெரும்பாலும் நீர். அங்ஙனமாயின், நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் அந்நீரின் வழியே உடலெங்கும் சென்று சேர்வது எவ்வாறு? இதற்கு விடை காண வேண்டுமாயின், கொழுப்பு என்பது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அதனை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் மிசேல் இயூசேன் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர்.

இவர் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள ஆன்ஜே நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாடு அல்லோலகல்லோலப்பட்ட அந்நாளில், செவ்ரூல் தம் தொடக்கக் கல்வியை வீட்டிலிருந்தே பயின்றார். 1803ஆம் ஆண்டில் பாரிசு மாநகர் சென்று, வோக்லன் என்னும் வேதியியற் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் மாணவராய் அமர்ந்தார்.

1811ஆம் ஆண்டளவில், பன்றிக் கொழுப்பும் காரமும் சேர்த்துச் செய்த சவர்க்காரம் ஒன்று ஆய்வுக்காக அவர் கைக்கு வந்தது. அதனை நீரில் இட்டபோது, முத்துப்போல் மின்னும் நுண்ணிய பளிங்குத் துகள்கள் தோன்றின. பிறராயின் கொட்டிக் கவிழ்த்திருப்பர். செவ்ரூல் அத்துகள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அவை அமிலத்தன்மை உடையனவாய் இருத்தல் கண்டு வியந்தார். கொழுப்பில் அமிலம் ஏது? அன்றுவரை கொழுப்பைத் தனிப்பொருள் என்றும், அது காரத்தோடு அப்படியே கூடிச் சவர்க்காரம் ஆகின்றது என்றும் அறிஞர் எண்ணியிருந்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வொரு பொருளின்மீதே அவர் கருத்தைச் செலுத்தினார். ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, வெண்ணெய் எனப் பலவற்றையும் பகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு கொழுப்பும் கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கூடிய கூட்டுப்பொருள் என்றும், காரம் அக்கூட்டைப் பிரித்து அமிலங்களோடு சேர்வதே சவர்க்காரம் என்றும் நிறுவினார். மாணவர்களே, இலக்கண வகுப்பில் நீங்கள் பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரிக்கின்றீர்கள் அன்றோ? செவ்ரூல் செய்ததும் அத்தகையதே. பதம் பிரிப்பதில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் திருத்துவார். இவர் செய்கையைத் திருத்தவோ அன்று ஆசிரியர் எவரும் இலர்.

ஆதலின் தமக்குத் தாமே ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டார். ஒரு பொருளைச் சாராயத்தில் கரைத்து, மீண்டும் மீண்டும் படியவைத்து, அஃது உருகும் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் அளப்பார். எத்துணை முறை தூய்மை செய்தாலும் அவ்வெப்பநிலை மாறாது நின்றால்தான் அதனைத் தனிப்பொருள் எனக் கொள்வார். இத்துணை விழிப்பிருந்தும் அவர் ஓரிடத்தில் தவறினார். முத்துப்போல் மின்னிய அப்பொருளைத் தனி அமிலம் என்றே அவர் கருதினார். அது கலவை என்பதைப் பின்வந்தோர் கண்டனர். இதனால் அவர் பெருமை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிழையைக் கண்டவர்களும் அவர் வகுத்த வழியிற் சென்றவர்களே.

பித்தப்பையில் தோன்றும் கற்களில் வெண்மையான கொழுப்புப் பொருள் ஒன்று இருத்தலை அவருக்கு முன்னரே சிலர் கண்டிருந்தனர். செவ்ரூல் அதனைக் காரத்தோடு நெடுநேரம் காய்ச்சினார். அது சவர்க்காரமாக மாறவில்லை! ஏனைய கொழுப்புகள் பகுபதங்கள் என்றால், இதனைப் பகாப்பதம் எனலாம். எனவே இது வேறோர் இனம் எனத் துணிந்து, பித்தம், திண்மை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களை இணைத்துக் கொலஸ்டிரின் என்று பெயரிட்டார். இன்று மருத்துவர் நாவில் வழங்கும் கொலஸ்டிரால் இதுவே.

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். செவ்ரூல் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1929இல், அதே பாரிசு நகரில் மாஷ்பூஃப் என்னும் அறிஞர், குதிரையின் குருதிநீரில் கொழுப்பும் புரதமும் பிணைந்திருத்தலைக் கண்டார். இவ்வகைப் பிணைப்பே கொழுப்புப் புரதம் எனப்படும். இதனைக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு படகு எனக் கருதுக. படகின் உள்ளே கொழுப்பும் கொலஸ்டிராலும் சரக்காக அடங்கியிருக்கும். வெளியே, ஒரு முனை நீரை விரும்பியும் மறுமுனை கொழுப்பை விரும்பியும் நிற்கும் பொருள்கள் புரதத்தோடு கூடி உறைபோல் மூடியிருக்கும். சவர்க்காரம் எண்ணெய்ப்பிசுக்கை நீரோடு செல்லவிடுவதும் இவ்வியல்பினாலேயே.

செவ்ரூல் காரத்தால் செய்த பகுப்பைப் போன்றதொன்று நம் குடலில் நாள்தோறும் நிகழ்கின்றது. உண்ட கொழுப்பு அங்குப் பகுக்கப்பட்டு, குடற்சுவரில் மீண்டும் இணைக்கப்பட்டு, பெரிய படகுகளில் ஏறி, நிணநீர் வழியாகக் குருதியை அடைகின்றது. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் வேண்டியதை இறக்கிக்கொள்ளும். கல்லீரலும் தன் படகுகளை அனுப்பும். அவை கொழுப்பை இறக்கியபின் கொலஸ்டிரால் மிகுந்த, அடர்த்தி குறைந்த படகுகளாக மாறி, உயிரணுக்களுக்குக் கொலஸ்டிராலைத் தரும். உயிரணுவின் உறைக்கு அது இன்றியமையாதது. ஆயின் இப்படகுகள் அளவிறந்து பெருகின் தமனிச் சுவரில் நுழைந்து தங்கும், வழி குறுகும், நெஞ்சிற்குக் குருதி தடைப்பட்டு உயிருக்கே ஊறு நேரும். அடர்த்தி மிகுந்த சிறு படகுகளோ எஞ்சிய கொலஸ்டிராலை ஏற்றிக் கல்லீரலுக்கு மீட்டுவரும். கல்லீரல் அதனைப் பித்தத்தில் கழிக்கும். பித்தத்தில் அது மிகுந்தால் கல்லாக உறையும். செவ்ரூல் ஆராய்ந்தது அக்கல்லையே.

அவர் ஆய்வு வீடுகளுக்கும் பயன்பட்டது. அந்நாளில் எளியோர் இல்லங்களில் எரிந்தவை ஆட்டுக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு வத்திகள். அவை புகைந்து, நாறி, உருகி வழியும். கொழுப்பிலிருந்து பிரித்த கெட்டியான அமிலத்தால் வத்தி செய்யும் முறைக்குச் செவ்ரூலும் கே-லுசாக் என்னும் அறிஞரும் 1825இல் காப்புரிமை பெற்றனர். ஆய்வறைக்குப் பொருந்திய முறை தொழிலுக்குப் பொருந்தவில்லை, முயற்சி பொய்த்தது. சில ஆண்டுகளில் வேறொருவர் சுண்ணாம்பைக் கொண்டு மலிவாகச் செய்து வெற்றி கண்டார். ஊதியம் அவருக்கு, ஒளி எல்லார்க்கும்.

1824 முதல் கோபெலன் என்னும் அரசினர் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பகுதியின் தலைவராயிருந்து, ஒரு நிறம் அடுத்துள்ள நிறத்தால் மாறித் தோன்றும் விதியை வகுத்து, 1839இல் நூலாக வெளியிட்டார். ஓவியர் பலர் அதனைப் போற்றிப் பயின்றனர்.

1871ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், செருமானியப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது, அவர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர். வயது எண்பத்து நான்கு. ஆயினும் நகரைவிட்டு அகலாது, அறிவுக் கூடத்தைத் தாக்கிய செயலைக் கண்டித்து எழுதினார்.

1886இல் அவருடைய நூறாவது பிறந்தநாளைப் பிரெஞ்சு நாடே கொண்டாடியது. 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், நூற்றிரண்டாம் வயதில் அவர் பாரிசில் காலமானார். ஐஃபெல் கோபுரம் கட்டி முடிந்து அப்போது சில நாள்களே ஆகியிருந்தன. அக்கோபுரத்தில் பொறிக்கப்பெற்ற எழுபத்திரண்டு அறிஞர் பெயர்களுள் செவ்ரூலின் பெயரும் ஒன்று.