மிரோவ்ஸ்கியின் கருவியும் தேவையற்ற மின்னதிர்வும்

ஐ.சி.டி. எனப்படும் இதய மின்னதிர்வுக் கருவி பொருத்தப்பட்டவரா நீங்கள்? அல்லது அத்தகையவரைப் பராமரிப்பவரா? இக்கருவியை உருவாக்கிய மருத்துவர் மிஷெல் மிரோவ்ஸ்கியின் வாழ்க்கையை அறிந்தால், அது சில வேளைகளில் தேவையின்றி அதிர்வு தருவது ஏன் என்பதும் விளங்கும்.

மிரோவ்ஸ்கி 1924ஆம் ஆண்டு போலந்தின் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1939இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபின் தப்பிச் சென்றார். போர் முடிந்தபோது குடும்பத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் பயின்று, பின்னர் இஸ்ரேலில் பணியாற்றினார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக விளங்கிய மருத்துவர் ஹாரி ஹெல்லர், 1966இல் இதயக் கீழறைத் துடிப்புக் கோளாறால் காலமானார். இத்தகைய திடீர் மரணத்தைத் தடுக்க, உடலுக்குள்ளேயே காவல் இருக்கும் கருவி தேவை என மிரோவ்ஸ்கி உறுதி கொண்டார்.

1968இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள சினாய் மருத்துவமனையில் சேர்ந்த அவர், மருத்துவர் மார்டன் மோவருடன் ஆய்வைத் தொடங்கினார். கருவியின் அளவைக் குறைப்பது ஒரு சவால். எப்போது அதிர்வு தர வேண்டும், எப்போது தரக்கூடாது என்பதைக் கருவியே முடிவு செய்ய வைப்பது மற்றொரு சவால். முதல் மாதிரி இதயத்தினுள் உள்ள அழுத்தத்தைக் கவனித்தது. அழுத்த உணரி பழுதானால், நலமாக உள்ளவருக்கும் அதிர்வு கிடைக்கும். எனவே அம்முறை கைவிடப்பட்டு, இதயத்தின் மின்சமிக்ஞையைக் கண்காணிக்கும் முறை ஏற்கப்பட்டது. 1972இல் மூத்த இதயநோய் வல்லுநர்கள் இம்முயற்சியைக் கடுமையாக விமர்சித்தனர். அவர் தளரவில்லை. 1980 பிப்ரவரி 4 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு பெண்மணிக்குக் கருவி பொருத்தப்பட்டது. 1985இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1990இல் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

அவர் எதிர்கொண்ட அச்சவால் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. கீழறைத் துடிப்பு அல்லாத மின்சமிக்ஞையையும் கருவி துடிப்பாக எண்ணிவிடுவதை மிகையுணர்தல் என்கிறோம். கருவியின் கம்பி முறிதல், அதன் உறை தேய்தல், தசைகளின் மின்சமிக்ஞை, ஒரே துடிப்பை இருமுறை எண்ணுதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மின்கசிவுள்ள வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம் போன்றவையும் காரணமாகலாம். வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வையுங்கள்.

அதிர்வு தேவையானதா, தேவையற்றதா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கருவியில் பதிவாகியுள்ள சமிக்ஞையைப் பார்த்தே மருத்துவர் அதைக் கண்டறிவார். ஒரே அதிர்வுக்குப்பின் நலமாக இருந்தால், அன்றே உங்கள் இதய மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். அதிர்வு மீண்டும் ஏற்பட்டாலோ, மயக்கம், மார்புவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். அதிர்வின்போது உங்களைத் தொடுபவருக்கு ஆபத்தில்லை. லேசான கூச்சம் மட்டுமே உணரப்படலாம்.

பெரும்பாலான மிகையுணர்தலைக் கருவியின் அமைப்பை மாற்றியோ, கம்பியை மாற்றியோ சரிசெய்ய இயலும். எனவே, அச்சத்தால் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் கருவியை நிறுத்திவிடவும் எண்ணாதீர்கள்.