விபத்தைப் படமாக்கியவரின் முடிவு

பெங்களூர் ஆட்டோக்களில் ஒருவருடைய படம் ஒட்டியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கன்னட நடிகர் சங்கர் நாக். மறைந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆட்டோக்காரர்கள் அவரை மறக்கவில்லை.

வட கன்னட மாவட்டம் ஹொன்னாவர் பகுதியில், 1954-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி பிறந்தார். நடிகர் அனந்த் நாக் இவருடைய அண்ணன். பம்பாய்க்குச் சென்ற சங்கரை மராத்தி நாடக மேடை ஈர்த்தது. நாடக நடிகை அருந்ததியை மணந்தார்.

கிரீஷ் கர்னாட் 1978-ல் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' படம், சர்வதேசத் திரைப்பட விழாவில் இவருக்குச் சிறந்த நடிகர் விருதைத் தேடித் தந்தது. 1980-ல் 'ஆட்டோ ராஜா' வந்தது. ஆட்டோக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழர்களுக்கும் அவர் அன்னியரல்ல. அவர் இயக்கிய 'கீதா' படத்துக்கு இசை இளையராஜா. ஆர்.கே.நாராயணின் மால்குடிக் கதைகளை ஆகும்பேயில் படமாக்கி, தொலைக்காட்சி மூலம் நாடெங்கும் கொண்டு சென்றவரும் அவரே.

'ஆக்சிடெண்ட்'

நடைபாதையில் தூங்கிய ஏழைகள் மீது அரசியல்வாதியின் மகன் காரை ஏற்றிவிடுகிறான். உண்மையை மறைக்க முயற்சி நடக்கிறது. அதைத் துருவி ஆராய்கிறார் ஒரு பத்திரிகையாளர். இதுதான் சங்கர் இயக்கிய 'ஆக்சிடெண்ட்' படத்தின் கதை. பத்திரிகையாளராக அவரே நடித்தார். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

விதியின் கொடுமையை என்னென்பது! 1990 செப்டம்பர் 30-ந் தேதி, படப்பிடிப்புக்காகக் காரில் சென்றபோது, தாவணகெரே அருகே ஆனகோடு கிராமத்தில் லாரியுடன் மோதி உயிரிழந்தார். அப்போது வயது 35. அருந்ததி படுகாயத்துடன் தப்பினார்.

வண்டியும் காக்க வேண்டும்

மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் அமரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். 1959-லேயே ஜெர்மனியின் மெர்சிடிஸ் கார் இந்த முறையில் வந்துவிட்டது. நம் நாட்டிலோ புதிய மாடல் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017-ல்தான். நட்சத்திர மதிப்பீடு 2023-ல் வந்தது.

சங்கரின் நினைவாக ஜே.பி.நகரில் 'ரங்க சங்கரா' நாடக அரங்கம் 2004 முதல் இயங்குகிறது. கார் வாங்குவோர் வண்ணத்தையும் மைலேஜையும் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், அது எத்தனை நட்சத்திரம் பெற்றது என்றும் கேட்கட்டும். ஏறியதும் பெல்ட்டை மாட்டட்டும். அதுவும் அவருக்குச் செலுத்தும் அஞ்சலியே.