வில்லியம் ஜான் லிட்டில்

வில்லியம் ஜான் லிட்டில் (ஆகஸ்ட் 7, 1810 – ஜூலை 7, 1894) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். குழந்தைகளுக்கு ஏற்படும் பெருமூளை வாதத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் இவர் முன்னோடி. அதன் ஒரு வகை நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது.

வாழ்க்கை

லிட்டில் லண்டனில் பிறந்தார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் இவரது இடது பாதம் வளைந்துபோனது. மருத்துவம் பயின்ற பின் அதற்குத் தீர்வு தேடினார். தசைநாணை வெட்டினால் புண் சீழ்பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அக்கால மருத்துவர்கள் அஞ்சினர். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்பவர் தோலில் சிறு துளையிட்டு, அதன் வழியே குதிகால் தசைநாணை வெட்டும் முறையைக் கையாண்டு வந்தார். 1836 இல் லிட்டில் அவரிடம் சிகிச்சை பெற்று நலமடைந்தார். அம்முறையைக் கற்று, 1837 இல் பெர்லினில் மருத்துவப் பட்டமும் பெற்று நாடு திரும்பினார். லண்டனில் எலும்பியல் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். தம் மகன் ஒருவருக்கு ஸ்ட்ரோமேயரின் பெயரைச் சூட்டினார்.

பெருமூளை வாத ஆய்வு

இளம்பிள்ளை வாதத்தில் தண்டுவட நரம்பணுக்கள் பாதிக்கப்பட்டுத் தசைகள் தளர்கின்றன. ஆனால் லிட்டில் கண்ட குழந்தைகள் பலருக்குத் தசைகள் தளராமல் விறைத்திருந்தன. இக்குறை காலில் அன்றி மூளையில் தொடங்குகிறது என அவர் விளக்கினார். குறைப்பிரசவம், கடினமான பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு இதனைத் தொடர்புபடுத்தி, 1861 இல் லண்டன் மகப்பேறியல் கழகத்தில் கட்டுரை வாசித்தார்.

வகைகள்

மூளையில் பாதிக்கப்படும் பகுதியைப் பொறுத்துப் பெருமூளை வாதம் இன்று பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

* விறைப்பு வகை: மிகுதியாகக் காணப்படுவது. ஒரு பக்கக் கை கால்களையோ, பெரும்பாலும் இரு கால்களையோ, கை கால் நான்கையுமோ பாதிக்கும். இரு கால்களைப் பாதிப்பதே லிட்டில் நோய்.
* கட்டுப்பாடற்ற அசைவு வகை: உடல் தானாக நெளியும் அல்லது முறுக்கிக்கொள்ளும். பச்சிளங் குழந்தையின் கடும் மஞ்சள் காமாலையும் இதற்கு ஒரு காரணம்.
* தள்ளாட்ட வகை: சிறுமூளைப் பாதிப்பால் உடலின் சமநிலை குன்றும்.
* கலப்பு வகை: மேற்கண்டவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருக்கும்.

பிற்கால மதிப்பீடு

பெருமூளை வாதம் என்ற பெயர் 1889 இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் நூலால் பரவியது. 1897 இல் சிக்மண்ட் பிராய்ட், கடினமான பிரசவம் காரணமாக அன்றி, கருவிலேயே நேர்ந்த பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று வாதிட்டார். பிரசவத்தின்போது ஏற்படும் மூச்சுத்திணறல் ஒரு சிறு பகுதியினருக்கே காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே, தாயையோ பிரசவம் பார்த்தவரையோ உடனே குறைகூறுவதற்கு இடமில்லை.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. ஆனால் பயிற்சியின்றி விட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கிவிடும். பேச்சு தெளிவற்றிருப்பதாலேயே ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் இல்லை என முடிவு செய்வதும் தவறாகும். இக்குழந்தைகளின் கல்விக்கும் பயிற்சிக்குமாக 1985 இல் சென்னையில் வித்யாசாகர் அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருமூளை வாதத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.