இருட்டுக்குள் ஓடும் வண்டிகள் – வால்ட் டிஸ்னியின் கதை



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காமராசரையும் அப்துல் கலாமையும் விஸ்வேஸ்வரய்யாவையும் சீனியர்கள் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். நான் வால்ட் டிஸ்னி என்றதும் பசங்க சிரித்துவிட்டார்கள். மிக்கி மவுஸ் போட்டவருக்கும் மெக்கானிக்கலுக்கும் என்னடா சம்பந்தம் என்றார்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் ஊர் தேவாரம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடும். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்து ஊர்த் திருவிழாவில் பேய் வீடு போட்டிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. நாலடி வைத்ததும் ஒரு வெள்ளைப் பேய் தலைக்கு மேல் பறந்து வந்தது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அந்த நேரம் முன்னால் போன ஒரு சின்னப் பிள்ளை வீறிட்டு அழ, யாரோ டியூப்லைட்டைப் போட்டுவிட்டார்கள். பார்த்தால், பேய் என்பது ஒரு பழைய வேட்டி. அதை இழுத்தது ஒரு சைக்கிள் செயின். மறைவில் என் வயசுப் பையன் ஒருவன் வேர்த்து வழிய நின்று பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். நான் மட்டும் அந்தச் செயினையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெக்கானிக்கல் எடுத்ததற்கு அந்தச் செயின்தான் காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா?

அந்தப் பேய் வீட்டையே கோடிக்கணக்கான பணத்தில் கட்டிப் பார்க்க நினைத்தவர்தான் வால்ட் டிஸ்னி.

1901 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா எலையாஸ் தொட்ட தொழில் எதுவும் நிலைக்கவில்லை. 1906-ல் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சிற்றூரில் விவசாயம் பார்த்தார்கள். அதுவும் போய், 1911-ல் கான்சாஸ் சிட்டிக்கு வந்து பேப்பர் போடும் வேலையை எடுத்தார் அப்பா. வீடு வீடாகப் போட்டது வால்ட்டும் அண்ணன் ராயும். பத்து வயதுப் பையன் விடியுமுன் எழுந்து பனிக்குள் நடந்து பேப்பர் போட்டுவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போய் வகுப்பில் தூங்கி விழுவானாம். இப்படி ஆறு வருடம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரின் விடிகாலை ஜீப்தான் ஞாபகம் வந்தது.

பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார். பிரான்ஸ் போய் இறங்குவதற்குள் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. ஊர் திரும்பி, கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார். 1923-ல் அது திவாலானது. கையில் சில்லறையோடு ஹாலிவுட்டுக்கு ரயிலேறி, அதே ஆண்டு அக்டோபர் 16-ல் அண்ணன் ராயோடு சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார். 1928-ல் அவர் வளர்த்த ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரம் சட்டப்படி வேறு கம்பெனிக்குச் சொந்தம் என்றாகி, கூட இருந்த ஓவியர்களில் பலரும் அந்தப் பக்கம் போனார்கள். அப் ஐவெர்க்ஸ் என்ற நண்பர் உடன் நின்றார். அவர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய எலிதான் மிக்கி. 1928 நவம்பர் 18-ல் ஒலியோடு வந்த அந்தப் படம் அவரைத் தூக்கி நிறுத்தியது. 1937-ல் ஸ்னோ ஒயிட் வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு.

நம் பசங்களில் சிலர், டிஸ்னியே படிக்கவில்லை, நாம் மட்டும் ஏன் படிக்கணும் என்பார்கள். போன செமஸ்டரில் கணக்கில் எனக்கு அரியர் விழுந்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன். ஜீப் டிரைவர் லைசென்ஸ் எடுத்து மலைக்குப் போய்விடலாம் என்று பாதி முடிவும் செய்துவிட்டேன். ஆனால் முழுக் கதையையும் படித்துப் பார்த்தேன். பள்ளியை விட்ட அந்த மனிதர், 1929-லேயே தன் ஓவியர்களை ஒரு கலைக் கல்லூரியின் இரவு வகுப்புக்கு அனுப்பினார். பிறகு ஸ்டுடியோவுக்குள்ளேயே வகுப்பு நடத்தினார். தனக்குக் கிடைக்காத படிப்பின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. 1941-ல் சம்பளமும் உரிய மதிப்பும் கேட்டு அவருடைய தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் அதைச் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார். மாணவர் சங்க மலரில் இதை மறைத்து எழுதக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். மகள்களை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே அனுபவிக்கிற இடம் ஒன்று ஏன் இல்லை? அனாஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கி, சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் டிஸ்னிலேண்டைக் கட்டினார். 1955 ஜூலை 17-ல் திறப்பு. அன்று கள்ள டிக்கெட்டில் கூட்டம் புகுந்தது. புதிதாகப் போட்ட தாரில் பெண்களின் செருப்பு குதி புதைந்தது. ஆனாலும் ஏழு வாரத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

அங்கே இருட்டுக்குள் வண்டியில் போய்ப் பார்க்கும் காட்சிகள் பல. அவற்றில் இரண்டு அரை நூற்றாண்டு தாண்டியும் கூட்டம் குறையாமல் ஓடுகின்றன. ஒன்று பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன், அதாவது கடற்கொள்ளையர் படகு. இன்னொன்று ஹாண்டட் மேன்ஷன், அதாவது பேய் பங்களா. முதலாவதை வைத்துத்தான் 2003-ல் நாம் எல்லோரும் பார்த்த ஜாக் ஸ்பாரோ படம் வந்தது.

இரண்டிலும் உள்ள மெக்கானிக்கலைப் பாருங்கள்.

கொள்ளையர் காட்சியில் வண்டி என்பது படகு. வாய்க்காலில் பம்பு வைத்துத் தண்ணீரை ஓட்டுகிறார்கள், படகு தானாக மிதந்து போகிறது. இருட்டில் இரண்டு இடத்தில் சறுக்கிக் கீழே இறங்கி, கடைசியில் சங்கிலி இழுக்க மேலே ஏறி வருகிறது. சுமார் 15 நிமிடப் பயணம். இரு பக்கமும் கொள்ளையர் பொம்மைகள் பாடுகின்றன, குடிக்கின்றன, ஊரைக் கொளுத்துகின்றன. காற்றழுத்தமும் எண்ணெய் அழுத்தமும் வால்வுகள் வழியாகப் போய் அந்தக் கைகால்களை ஆட்டுகின்றன. நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் நாம் ஒரு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளுகிறோமே, அதே வேலைதான்! ஒலிநாடாவில் பதிந்த சமிக்ஞை, பேச்சுக்குத் தக்கபடி அந்த வால்வுகளைத் திறந்து மூடியது.

பேய் பங்களாவில் வண்டி என்பது நாற்காலி. ஒன்றோடொன்று கோத்து, மாலை போல நிற்காமல் ஓடுகிறது. இதற்கு ஆம்னிமூவர் என்று பெயர். ரோஜர் பிராகி, பாப் கர் என்ற இருவர் வடிவமைத்தது. ஓடும்போதே ஒவ்வொரு நாற்காலியும் வலமும் இடமும் திரும்பும். முதுகுப்பக்கம் உயர்ந்து இரு பக்கமும் வளைந்திருப்பதால் அடுத்த வண்டி கண்ணில் படாது. எதைப் பார்க்கணும், எப்போது பார்க்கணும் என்பதை வண்டியே முடிவு செய்கிறது.

இங்கேதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். படகில் நாம் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம், வலப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம் போய்விடும். அதனால் அடுத்த தடவை புதுசாக ஒன்று கண்ணில் படும். திருவிழாக் கடைவீதியில் நடப்பது போல. நாற்காலியிலோ ஒருவர் நம் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவது போல. பின்னால் என்ன இருந்தது என்ற சந்தேகம் வீடு வரை வரும். ஒன்று பார்த்துத் தீராது, இன்னொன்று சந்தேகம் தீராது. இரண்டும் நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஓர் ஒற்றுமையும் உண்டு. டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு ரயில் பாதை ஓடுகிறது. உள்ளே இடம் போதாததால் காட்சிக் கட்டடங்களைப் பாதைக்கு வெளியே கட்ட வேண்டியதாயிற்று. ரயிலுக்கு அடியில் ஆட்களை எப்படிக் கொண்டுபோவது? கொள்ளையர் படகு சறுக்குவது அதற்காகத்தான்! பேய் பங்களாவில் ஓர் அறையின் சுவர் நீண்டுகொண்டே போகும், சனங்கள் மிரண்டு மேலே பார்ப்பார்கள். உண்மையில் அது கீழே இறங்குகிற லிஃப்ட். இடைஞ்சலையே வித்தையாக்கிய என்ஜினியரிங் அது.

இன்னொரு விஷயம் நமக்கென்றே வைத்தது போல இருக்கிறது. பேய் பங்களாவின் பெரிய கூடத்தில் உடம்பு வழியே சாமான்கள் தெரிய, பேய்கள் ஜோடி ஜோடியாக நடனமாடும். ராத்திரி பஸ்ஸில் உள்ளே லைட் எரியும்போது ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். வெளியே ஓடும் புளியமரத்தின் மேல் உங்கள் முகம் மிதக்கும். அதேதான் இது. பெரிய கண்ணாடி ஒன்றும், மறைவில் வெளிச்சம் பட்ட பொம்மையும் போதும். இதை 1862-ல் லண்டனில் மேடையேற்றிப் புகழடைந்தவர் ஜான் ஹென்றி பெப்பர். அவர் காட்டிய இடம் எது தெரியுமா? ராயல் பாலிடெக்னிக்! பேயே பாலிடெக்னிக்கில் இருந்துதான் வந்தது நண்பர்களே!

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கொள்ளையர் காட்சியை முதலில் நடந்துபோய்ப் பார்க்கும் மெழுகு பொம்மைக் கூடமாகத்தான் திட்டமிட்டார்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படகுக் காட்சி வெற்றி பெற்றதும், வால்ட் அதைப் படகாக மாற்றச் சொன்னார். பொம்மைகளை ஒரு கிடங்கில் வரிசையாக நிறுத்தி, வால்ட்டை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, படகு போகும் வேகத்தில் தள்ளிக் காட்டினார்கள். அவர் பார்த்தது அவ்வளவுதான். பேய் பங்களாவுக்கு 1963-ல் வெளிச்சுவர் எழும்பிவிட்டது, உள்ளே காலியாகக் கிடந்தது.

1966 டிசம்பர் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் வால்ட் இறந்தார். நிறைய சிகரெட் பிடிப்பவர். வயது 65. மூன்று மாதம் கழித்து 1967 மார்ச் 18-ல் கொள்ளையர் படகு ஓடியது. பேய் பங்களா 1969 ஆகஸ்ட் 9-ல்தான் திறந்தது. முடிவு சொல்ல அவர் இல்லாததால் அதில் சண்டை வேறு. கிளாட் கோட்ஸ் பயமுறுத்தணும் என்றார், மார்க் டேவிஸ் சிரிக்க வைக்கணும் என்றார். கடைசியில் முன்பாதி பயம், பின்பாதி சிரிப்பு என்று இரண்டையும் வைத்தார்கள். கண்ணாடி வித்தைகளை யேல் கிரேசி செய்தார். தலைவர் இல்லாமலே வேலை முடிந்தது, ஏனென்றால் அவர் வேலை தெரிந்த ஆட்களை விட்டுப் போயிருந்தார்.

தன் பெயரைச் சுமந்த இந்த இரண்டு காட்சிகளும் ஓடியதை அந்த மனிதர் பார்க்கவே இல்லை!

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா இதுவரை நம் கல்லூரி கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. லேத் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், மிஷின் படிப்பு என்று சொல்லும். பார்க்காத ஒன்றுக்காக ஏழு வருடமாக விடிகாலை ஜீப் ஏறுகிறது. திருவிழாவில் மறைவில் நின்று பெடல் சுற்றிய பையனும், கண்ணுக்குத் தெரியாத வால்வும், மலையில் நிற்கும் என் அம்மாவும் ஒரே ஜாதிதான். இருட்டில் நிற்பவர்கள் சுற்றினால்தான் வெளிச்சத்தில் இருப்பவன் வண்டி ஓடும்.

டிஸ்னி பார்க்காமல் போனார். என் அம்மா பார்க்காமல் போகக் கூடாது. லைசென்ஸ் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கணக்கு அரியருக்கு பீஸ் கட்டியாகிவிட்டது. இந்த மலர் வெளியிடும் நாளில் அம்மா மலைக்குப் போகாது. என்னோடு பஸ் ஏறும். முதலில் லேப்பைக் காட்டி, சிலிண்டரை ஓட்டிக் காட்டி, பிறகு இந்தப் பக்கத்தை நானே வாசித்துக் காட்டுவேன்.

நண்பர்களே, உங்கள் வண்டியை யார் சுற்றுகிறார்கள் என்று ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், தேவாரம்