வீடு விற்று வீடு வாங்கிய ஹகீம் பின் ஹிஸாம் (ரலி)



நீங்கள் குடியிருக்கும் வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் தொகையோ நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆயினும் சம்மதம் உங்கள் நாவிலிருந்து எளிதில் வருவதில்லை. பாட்டனார் கட்டிய வீடு. தந்தையார் கண்மூடிய அறை. பிள்ளைகள் தவழ்ந்த திண்ணை. கொடுத்துவிட்டால் குடும்பப் பெருமை போய்விடுமோ? கொடுக்காவிட்டால் இப்படியொரு விலை மறுபடியும் வருமோ? உறவினர் என்ன சொல்வர்? ஊரார் என்ன நினைப்பர்? இரவெல்லாம் உறக்கமின்றிப் புரள்கிறீர்கள்.

இத்தகைய கேள்வி ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய ஸஹாபியின் முன்னும் வந்து நின்றது. அவர் விற்றது சாமானிய வீடன்று. குறைஷிக் குலத்தின் பெருமையெல்லாம் குடிகொண்டிருந்த தாருந் நத்வா எனும் ஆலோசனை இல்லம். வாங்க முன்வந்தவரும் சாமானியரல்லர். பரந்த இஸ்லாமிய ஆட்சியின் தலைவராயிருந்த ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்கள். விற்றவர் ஹழ்ரத் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள். அவர்களுடைய வாழ்வை அறிந்தால்தான் அந்த விற்பனையின் உட்பொருள் நமக்கு விளங்கும்.

பிறப்பும் குடிச்சிறப்பும்

ஹகீம் (ரலி) அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் ஹிஸாம் என்பாரின் புதல்வர். யானை ஆண்டுக்கு 13 ஆண்டுகள் முன்பு பிறந்தார்கள் என்றும், அவர்களுடைய தாயார் கஅபாவினுள் சென்றிருந்த வேளையில் அங்கேயே அவர்களைப் பெற்றெடுத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். வளர்ந்து பெரியவரானபின் குறைஷியரின் செல்வந்தர்களுள் ஒருவராகவும், சிறந்த வணிகராகவும், குலவரிசை அறிந்த அறிஞராகவும் திகழ்ந்தார்கள்.

பிற்காலத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அன்புக்குரியவரான ஹழ்ரத் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் அடிமைச் சிறுவராக மக்காவுக்கு வந்தபோது, அவரைத் தம் அத்தையார் கதீஜா (ரலி) அவர்களின் இல்லத்தில் சேர்த்தவர் இந்த ஹகீம்தான். பனூ ஹாஷிம் குலத்தாரைக் குறைஷியர் விலக்கிவைத்து, அபூதாலிப் கணவாயில் பசியால் வாடவிட்ட மூன்றாண்டுக் காலத்தில், தாம் இன்னும் இஸ்லாத்தைத் தழுவாத நிலையிலும், அத்தையாருக்காகக் கோதுமையை இரகசியமாகக் கொண்டு சென்றவரும் அவர்தான். அதைக் கண்டு அபூஜஹ்ல் வழிமறித்துச் சண்டையிட்டதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பொருளைச் சேர்க்கத் தெரிந்த அந்தக் கைக்கு, கொடுக்கவும் தெரிந்திருந்தது.

தாருந் நத்வா

இனி அந்த வீட்டைப் பற்றிச் சிறிது கேளுங்கள். குறைஷியரை மக்காவில் ஒன்றுதிரட்டிக் குடியமர்த்திய குஸை பின் கிலாப், கஅபாவை நோக்கி வாசல் அமைத்துக் கட்டிய இல்லம் அது. குஸை, ஹகீம் (ரலி) அவர்களுக்கு ஐந்தாம் தலைமுறை முன்னோர். போர் தொடுப்பதாயினும், திருமணம் பேசுவதாயினும், வணிகக் கூட்டம் புறப்படுவதாயினும் அங்கே கூடித்தான் முடிவெடுப்பர். நாற்பது வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக அந்தச் சபையில் இடமில்லை. ஹகீமோ தம் பதினைந்தாம் வயதிலேயே அதனுள் அனுமதிக்கப்பட்டார் என்பர்.

அதே இல்லத்தில்தான், ஹிஜ்ரத்துக்கு முன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொன்றுவிடக் குறைஷியர் சதி செய்தனர். ஒரே கூரையின் கீழ்ப் பெருமையும் உண்டு, பெரும் பாவமும் உண்டு. பழம்பெரும் வீடுகள் பலவற்றின் வரலாறு இத்தகையதே. சுவர்களை நாம் போற்றுகிறோம். அச்சுவர்களுக்குள் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய இல்லம் அறியாமைக் காலத்தில் ஹகீம் அவர்களின் உடைமையாயிற்று. அதற்காக அவர்கள் கொடுத்த விலை ஒரு தோற்பை மதுதான் என்று அறிவிக்கப்படுகிறது.

வாங்கும் கையை மூடிக்கொண்டவர்

ஹகீம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றியின்போது. அன்று அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் வீட்டில் நுழைந்தவர் அச்சமற்றவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஹகீம் (ரலி) அவர்களின் வீட்டில் நுழைந்தவருக்கும் அவ்வாறே அபயம் அளிக்கப்பட்டதாகச் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது. ஒரு வீட்டிற்குக் கிடைக்கக்கூடிய மதிப்பு இதைவிட வேறென்ன?

இத்தனை காலம் பிந்திவிட்டோமே என்ற வருத்தம் அவர்களை விட்டு நீங்கவில்லை. அறியாமைக் காலத்தில் தாம் அடிமைகளை விடுவித்ததும், உறவினரை ஆதரித்ததும் பயன் தருமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். முன்பு செய்த நன்மைகளோடுதான் அவர்கள் இஸ்லாத்திற்குள் வந்திருக்கிறார்கள் என்று பெருமானார் ஆறுதல் அளித்தார்கள்.

பின்னொரு சமயம் ஹகீம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பொருள் கேட்டார்கள், கிடைத்தது. மறுபடியும் கேட்டார்கள், கிடைத்தது. மூன்றாம் முறையும் கேட்டுப் பெற்றபோது, செல்வம் பசுமையும் இனிமையும் உடையது என்றும், பேராசையின்றிப் பெறுபவருக்கே அதில் பரக்கத் உண்டாகும் என்றும், பேராசையுடன் பெறுபவர் உண்டும் வயிறு நிறையாதவரைப் போன்றவர் என்றும், கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்றும் பெருமானார் உணர்த்தினார்கள்.

அந்தச் சொற்கள் உள்ளத்தில் பதிந்துவிட்டன. இனி எவரிடமும் எதையும் பெறுவதில்லை என்று ஹகீம் (ரலி) அவர்கள் அக்கணமே உறுதி பூண்டார்கள். பைத்துல்மாலில் அவர்களுக்குரிய நியாயமான பங்கை ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் அழைத்துக் கொடுத்தபோதும், ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மக்களைச் சாட்சியாக்கிக் கொடுத்தபோதும் மறுத்துவிட்டார்கள். இறுதிமூச்சு வரை அந்த உறுதி தளரவில்லை.

வாசகர்களே! பிறர் பணத்தைக் கண்டு மனம் அசையாத இப்பயிற்சிக்குப் பிறகே வீட்டின் விலை அவர்கள்முன் வந்தது என்பதை மறவாதீர்கள்.

விற்பனையின் சட்டம் கற்பித்தவர்

வணிகம் பற்றிய இரண்டு முக்கியமான நபிமொழிகள் இவர்கள் வாயிலாகவே நமக்குக் கிடைத்துள்ளன. வாங்குபவரும் விற்பவரும் பிரிந்து செல்லும்வரை உடன்பாட்டை முறித்துக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது முதலாவது. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவர்க்கு விற்கலாமா என்று அவர்கள் வினவ, தன்வசம் இல்லாததை விற்கக்கூடாது என்று பெருமானார் தடுத்தது இரண்டாவது.

ஒரு இலட்சம் திர்ஹம்

ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ஹகீம் (ரலி) அவர்கள் நூறு வயதைக் கடந்துவிட்ட பெரியவர். தாருந் நத்வாவை முஆவியா (ரலி) அவர்கள் விலைக்குக் கேட்டார்கள். 1,00,000 திர்ஹம் விலை முடிவாயிற்று. ஹகீம் (ரலி) அவர்கள் விற்றுவிட்டார்கள்.

செய்தி பரவியதும் பேச்சு எழுந்தது. ஹகீம் (ரலி) அவர்களுடைய சிறிய தந்தையின் பேரரான ஹழ்ரத் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களே நேரில் வந்து, குறைஷியரின் பெருமையை விற்றுவிட்டீர்களே என்று குறைபட்டார்கள். இவர்களுடைய குடும்பத்தின் மீது ஹகீம் (ரலி) அவர்களுக்குப் பெரும் பாசம் உண்டு. ஹிஜ்ரி 36இல் ஹழ்ரத் ஸுபைர் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டு, 22 இலட்சம் கடன் மகனின் தலையில் விழுந்தபோது, அடைக்க இயலாவிட்டால் தம் உதவியை நாடுமாறு தாமாகவே முன்வந்து சொன்னவர்கள் ஹகீம் (ரலி) அவர்கள். அத்தகைய நெருங்கிய உறவினரே இன்று குறைசொல்லி நிற்கிறார்.

முதியவர் சினங்கொள்ளவில்லை. பழைய பெருமைகளெல்லாம் போய்விட்டன, இறையச்சம் ஒன்றைத் தவிர என்று அமைதியாக விடையளித்தார்கள். அறியாமைக் காலத்தில் ஒரு தோற்பை மதுவுக்குத் தாம் வாங்கிய வீடு அது என்பதை நினைவூட்டினார்கள். அதன் விலை முழுவதும் அல்லாஹ்வின் பாதையில் அர்ப்பணம் என்று கூறி, அங்கிருந்தவர்களைச் சாட்சியாக்கினார்கள். அதைக் கொண்டு சுவனத்தில் ஒரு வீட்டைத் தாம் வாங்கிக்கொண்டதாகவும் கூறினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது.

ஹிஜ்ரி 54இல், அதாவது கி.பி. 674 அளவில், மதீனாவில் ஹகீம் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். வயது 120 என்பர். தாருந் நத்வாவோ கலீஃபாக்கள் ஹஜ்ஜுக்கு வருகையில் தங்கும் இல்லமாகிப் பின்னர்ச் சிதைவுற்று, அப்பாஸியக் கலீஃபா முஃதளித் (ஹிஜ்ரி 279–289) காலத்தில் மஸ்ஜிதுல் ஹராமுடன் சேர்க்கப்பட்டது. விற்காமல் வைத்திருந்தாலும் அவ்வீடு நிலைத்திருக்கப்போவதில்லை. கொடுத்த தர்மமோ கணக்கில் இருக்கிறது.

நமக்குரிய பாடம்

அப்படியானால் விலை கேட்டு வருவோர்க்கெல்லாம் வீட்டை விற்றுவிட வேண்டுமா? இல்லை. விற்க மறுப்பதும் உரிமையாளரின் உரிமையே. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹழ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டை விலைக்குக் கேட்டபோது அவர்கள் மறுத்தார்கள். நடுவராயிருந்த உபை பின் கஅப் (ரலி) அவர்கள், அவரது சம்மதமின்றி வீட்டைப் பெற முடியாது என்றே தீர்ப்பளித்தார்கள். பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமே அதை விலையின்றிக் கொடுத்தது வேறு விஷயம்.

விற்ற பணத்தையெல்லாம் தர்மம் செய்துவிட வேண்டுமா? அதுவுமில்லை. ஹகீம் (ரலி) அவர்கள் வேறு செல்வமும் உடையவர்கள். ஒரே வீட்டை உடைய குடும்பத் தலைவரின் நிலை வேறு. வீட்டை விற்றவர் அப்பணத்தை அதுபோன்ற ஒன்றிலேயே இடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு நபிமொழி உண்டு. வீடு நிற்கும், ரொக்கம் கரையும். இதை அனுபவத்தில் கண்டவர் நம்மிடையே பலர்.

ஆகவே, விலை கேட்டு ஒருவர் உங்கள் வாசலில் நிற்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வீடு முழுவதும் என்னுடையதா? உடன்பிறந்தாளின் வாரிசுப் பங்கு இதில் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா? கிடந்தால், அவளுடைய சம்மதமின்றி அவளது பங்கை விற்க உங்களுக்கு ஏது அதிகாரம்? மழைக்கு ஒழுகும் கூரையையும், சுவரின் வெடிப்பையும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டேனா? ஒருவருடன் விலை பேசி முடித்தபின் சற்று அதிகம் தருபவரைத் தேடி அலைகிறேனா? வரும் பணம் எங்கே போகும்? கடன் அடையுமா, மற்றொரு கூரை எழுமா, அல்லது ஒருநாள் விருந்தில் கரைந்துவிடுமா? இறுதியாக, என்னைத் தடுப்பது குடும்பத்தின் உண்மையான தேவையா, அல்லது ஊரார் பேச்சுக்கு அஞ்சும் வீண்பெருமையா?

இவற்றுக்கு நேர்மையாக விடை கண்டு, அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். விற்பதானாலும் சரி, வைத்துக்கொள்வதானாலும் சரி, அதன்பின் உறக்கம் கெட வேண்டியதில்லை.

நாம் அனைவரும் ஒருநாள் வீட்டை விட்டுச் செல்பவர்களே. அன்று விலை பேச எவரும் வரமாட்டார். அதற்குமுன் கையில் உள்ளதைக் கொண்டு அழியாத இல்லத்தைத் தேடிக்கொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.