வீட்டுக் காவலில் பிறந்த விஞ்ஞானம்

ஒரே சீராக ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஒரு நாணயத்தை மேலே சுண்டினால், அது பின்னால் போய் விழுவதில்லை. நம் கையிலேயே வந்து விழுகிறது. ரயிலின் வேகம் நாணயத்துக்கும் இருப்பதே காரணம். ரயிலே இல்லாத காலத்தில், கப்பலை உதாரணம் காட்டி இதை விளக்கியவர் கலீலியோ.

இத்தாலியின் பீசா நகரில் 1564 பிப்ரவரி 15ஆம் தேதி பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைக் கலைஞர். வருமானம் போதாத குடும்பம். மகனை 1581இல் மருத்துவம் படிக்க அனுப்பினார். மகனுக்கோ கணக்கில்தான் நாட்டம். பட்டம் பெறாமலேயே 1585இல் வெளியேறினார். 1589இல் பீசாவில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம்.

1591இல் தந்தை காலமானார். குடும்பப் பாரம் மூத்த மகன் தலையில் விழுந்தது. தங்கைகளின் வரதட்சணைக் கடன் வேறு. 1592 முதல் 18 ஆண்டுகள் பதுவா நகரில் வேலை பார்த்தார். சம்பளம் போதாமல் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துப் பாடம் சொன்னார். கருவிகள் செய்து விற்றார்.

மரப்பலகைச் சோதனை

இத்தனை தொல்லைக்கு நடுவேதான் அவருடைய பெரிய ஆராய்ச்சி நடந்தது. பீசா கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டார் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. அவருக்குக் கைகொடுத்தது ஒரு மரப்பலகை.

கனமான பொருளே வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் நம்பி வந்தார்கள். நேராக விழும் பொருளை அளக்க அன்று தகுந்த கடிகாரம் இல்லை. ஆகவே சாய்த்து வைத்த பலகையில் பள்ளம் வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். சிறு துளை வழியே வடிந்த தண்ணீரை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். இரண்டு மடங்கு நேரத்தில் குண்டு நான்கு மடங்கு தூரம் ஓடியது. மூன்று மடங்கு நேரத்தில் ஒன்பது மடங்கு. காற்றின் தடை இல்லாவிட்டால் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்று முடிவு கட்டினார். தடை எதுவும் இல்லாவிட்டால் சமதளத்தில் உருளும் குண்டு நிற்காமல் ஓடும் என்றும் கண்டார்.

1609இல் தொலைநோக்கி கைக்கு வந்தது. கவனம் வானத்துக்குத் திரும்பியது. பலகைக் கணக்குகள் குறிப்புகளாகவே கிடந்தன.

தண்டனை

பூமி சுற்றுகிறதென்றால் நமக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டவர்களுக்குக் கப்பல் உதாரணத்தால் பதில் சொல்லி, 1632இல் புத்தகம் வெளியிட்டார். மறு ஆண்டு ரோமாபுரியில் மத விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. 69 வயதுக் கிழவரை மண்டியிட வைத்து, தம் கொள்கையைக் கைவிடுவதாகச் சொல்ல வைத்தார்கள். பிறகு ஆயுள் முழுவதும் வீட்டுக் காவல். 1634இல், கன்னியாஸ்திரீயாக இருந்த அருமை மகளும் இறந்தாள்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. பதுவாவில் எழுதிய பழைய குறிப்புகளை எடுத்தார். விழும் பொருள், உருளும் குண்டு, எறிந்த கல் ஆகியவற்றின் கணக்கை முழுமையாக எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதி ரகசியமாக நாட்டை விட்டுப் போய், 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சாயிற்று. புத்தகம் வெளிவந்தபோது அதைக் காண அவருக்குக் கண் பார்வை இல்லை.

1642 ஜனவரி 8ஆம் தேதி காவலிலேயே இறந்தார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் 1687இல் நியூட்டன் தம் இயக்க விதிகளை எழுப்பினார். 1971இல், காற்றில்லாத சந்திரனில், விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 1992இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கலீலியோ விஷயத்தில் நடந்தது தவறே என்று ஒப்புக்கொண்டார்.