சாவுக் கணக்கு எழுதிய டாக்டர்

இங்கிலாந்து நாட்டில் கென்லி என்று ஒரு கிராமம். அங்கே 1807-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் வில்லியம் ஃபார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரை எடுத்து வளர்த்தார்.

வைத்தியம் படித்தார். ஆனால் பேர் வாங்கியது கணக்கால்!

1837-ல் அங்கே பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது. அந்த அலுவலகத்தில் ஃபார் சேர்ந்தார். யார், எங்கே, என்ன நோயால் செத்தார் என்று அட்டவணை போட்டார்.

1849-ல் லண்டனில் காலரா. ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தவர்களே அதிகம் செத்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று ஃபார் எழுதினார்.

டாக்டர் ஜான் ஸ்னோ மறுத்தார். தண்ணீர்தான் காரணம் என்றார். ஃபார் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 1854-ல் மீண்டும் காலரா வந்தபோது, சாவுக் கணக்கை அவருக்கு மறைக்காமல் கொடுத்தார். எத்தனை அதிகாரிகளுக்கு அந்த மனம் வரும்?

1858-ல் ஸ்னோ இறந்துவிட்டார்.

1866-ல் மறுபடியும் காலரா. கிழக்கு லண்டனில் சாவு குவிந்தது. ஃபார் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பகுதிக்கெல்லாம் ஒரே கம்பெனியின் தண்ணீர்! வடிகட்டிய தண்ணீர்தான் என்று கம்பெனி சாதித்தது. வடிகட்டாத நீரும் கலந்தது பிறகு வெளிவந்தது. இறந்துபோன ஸ்னோ சொன்னதே சரி என்று ஃபாரின் கணக்கே காட்டியது. அவரும் ஒப்புக்கொண்டார்.

நாற்பது ஆண்டு உழைத்தும், துறையின் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. 1880-ல் ஃபார் விலகினார். 1883-ல் காலமானார்.